அது வேற ஆளு

கஞ்சிக்கோடு,
25.11.2025

ரோசியக்காவுக்கு,

நம்ம வீட்டுக் கடிதமெல்லாம் எந்த வார்த்தையில ஆரம்பிக்கும்னு உனக்குத் தெரியும். அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரலை. அதனால வெறும் ரோசியக்காவுக்குன்னு எழுதியிருக்கேன், கோபிச்சுக்காதே.

ஞாயிறு தவிர மத்த நாள் ஃபோன்ல கூப்பிட்டா கட் பண்றே. வாட்ஸப்ல நீலக் கோடு விழுது, பதில் இல்லை. ரெண்டு ஞாயிறா அப்பாவும் ஃபோனுக்கு வரலை. முதல் வாரம் ஸ்டோர்ல இருக்காருன்னு சொன்னே. ஞாயித்துக்கிழமை ஏலக்காய் ஸ்டோர்ல அப்பாவுக்கு என்ன வேலை? போன வாரம் படுத்துட்டாருன்னே. சாயங்காலம் ஆறு மணிக்கா? உடம்புக்கு ஏதாவது இருந்தா மறைக்காதே அக்கா. நான் இங்க கண்டதையும் நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன். பிள்ளைங்க தூங்கினதும்தான் எனக்கு யோசனையே ஆரம்பிக்குது.

விஷயத்துக்கு வர்றேன். டிசம்பர் 21 ஞாயிறு சின்னவளுக்கு ஞானஸ்நானம். அம்மா பேரையே வைக்கிறோம், அன்னாள். எங்க சபைப் போதகர், "உங்க அப்பா அங்க சபையில வேதம் வாசிக்கிறவர்னு வினோ சொன்னாரே, அன்னைக்கு அவரையே வாசிக்கச் சொல்லலாமே"ன்னு கேட்டார். என் வீட்டுக்காரர் எதுக்கு அதைப் போய்ச் சொன்னாரோ. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். அப்பா வாசிக்கிறதை விட்டு வருஷக்கணக்காச்சுன்னு சொல்ல வாய் வரலை. நீதான் அப்பாகிட்ட பக்குவமா கேட்கணும். நான் கேட்டா மாட்டேன்னுடுவார்.

இங்க வேற விசேஷம் இல்லை. பெரியவன் லிபினோட நர்சரியில குழந்தைகள் தினத்துக்கு அம்மாக்களையும் கூப்பிட்டிருந்தாங்க. சுவர்ல வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அணைச்சு, என்ன படம் போட்டாங்க தெரியுமா? 'இரும்புச்சிறகன்.' நம்ம ஏலத்தோட்டத்துலயே எடுத்த படம், நம்ம லயத்து வீடுகளுக்கு மேல இருக்கிற அதே சரிவு. இத்தனை வருஷம் கழிச்சும் பசங்களுக்கு அது இன்னும் புதுப் படம்தான். மலை சரிஞ்சு வர்றப்போ அவன் இரும்பு இறக்கையை விரிச்சுப் பறந்து வந்து ரெண்டு கையால நிறுத்துற இடம் வந்ததும் எல்லாப் பிஞ்சுகளும் எழுந்து நின்னு கையை நீட்டிக்கிட்டு நிக்குது.

அதுக்கு முன்னாலதானே நம்ம அப்பா கூட்டத்துல ஒருத்தரா வர்றார். முழங்கால்ல விழுந்து, ரெண்டு கையையும் தூக்கி, "கர்த்தாவே!"ன்னு ஒரு கத்து. கண் மூடித் திறக்கிற நேரம். அன்னைக்கும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. லிபின் கொஞ்சம் கத்திட்டான். அவ்வளவுதான்.

அப்பாவைக் கேட்டு எழுது.

உன்
ஜிஸ்மி


சக்குபள்ளம்,
1.12.2025

ஏட்டி ஜிஸ்மி,

கடிதம் கிடைச்சுது. "கொஞ்சம் கத்திட்டான், அவ்வளவுதான்." நீ படிச்சவ. எதை எழுதணும், எதை முழுங்கணும்னு உனக்கு நல்லாத் தெரியுது.

நான் ஏன் ஃபோனை எடுக்கலன்னு கேக்குத. லயத்துல ஃபோன் பேசுனா நாலு வீட்டுக்குக் கேக்கும். முதல் வீடு அப்பா காது. அதான் எழுதுதேன். கேட்டுக்க.

குழந்தைகள் தினத்தன்னைக்குச் சாயந்தரம் உன் மவன் தாத்தாவைக் கூப்பிட்டானே, ஞாபகம் இருக்கா? நீ அடுப்படியில இருந்திருப்ப. அப்பாவுக்கு ஃபோனைக் காதுல வைக்க வராது, ஸ்பீக்கர்ல போட்டு உள்ளங்கையில வச்சிக்கிட்டுத்தான் பேசுவாரு. நான் பக்கத்துல உக்காந்து கப்பக்கிழங்கு சீவிக்கிட்டு இருந்தேன்.

"தாத்தா, படத்துல வர்ற தாத்தா நீ இல்லையா?"ன்னு கேக்குதான்.

"யாருய்யா அப்படிச் சொன்னா?"

"அம்மாதான். ஹவ்வா ஆன்ட்டிகிட்ட சொன்னா. தாடி வச்சவங்க எல்லாரும் எனக்குத் தாத்தாவாம். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

அப்பா ஃபோனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் கத்தியைக் கீழ வச்சிட்டேன். அப்புறம் அவரு, "அம்மா சொன்னது சரிதான்யா. அது நான் இல்ல. அது வேற ஆளு"ன்னாரு.

"அப்ப நான் பொய் சொல்லிட்டேனா தாத்தா?"

"நீ பொய் சொல்லல ராசா. பாத்தா என்னைய மாதிரி இருந்திருக்கும்."

எங்கப்பன் வாயில இருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டது அன்னைக்குத்தாம்ட்டி. உனக்காக.

சின்னப் பிள்ளையில ஞாயிறு பள்ளியில படிச்சமே, குளிருக்கு நெருப்புக் காஞ்சிக்கிட்டே அந்த மனுசரை எனக்குத் தெரியாதுன்னு மறுதலிச்ச சீஷன். அவனுக்காவது உயிர்ப்பயம் இருந்துச்சு. உன் முன்னால என்ன இருந்துச்சு? கேக்கும் மிக்சரும்.

வேதம் வாசிக்கிறதைப் பத்தி எழுதியிருக்க. அவரை யாரும் நிறுத்தலன்னு உனக்குத் தெரியும். படம் வந்த பிறகு அவர் வாசிக்க நின்னாலே பின் பெஞ்சுப் பயலுவ ஒருத்தன் தோளை ஒருத்தன் இடிப்பானுவ. கர்த்தர்ங்கிற அந்த வார்த்தை வராத பக்கம் வேதத்துல ஏது? வந்ததும் ஒருத்தன் மூக்கால சிரிப்பான். மலையாளத்துக்காரங்க கால் இடறினாக்கூட அந்த வார்த்தையைச் சொல்லுவாங்க, அவங்களுக்கு அது ஐயையோ மாதிரி. நமக்கு அப்படியா? முகமூடி போட்ட ஒரு சினிமாக்காரனைப் போய் அப்படிக் கூப்பிட்டுட்டாரேன்னு பெரியவங்களே முகம் சுளிச்சாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணாடியைக் கழத்திட்டுக் கீழ இறங்கிட்டாரு. சபையைப் பாத்துக்கிற பவுல்ராஜ் உபதேசியார் வீடு தேடி வந்து கெஞ்சினாரு. "சிரிப்புக் காட்டுன வாயில வேதம் வரப்பிடாது உபதேசியாரே"ன்னுட்டாரு. அன்னையில இருந்து கடைசி பெஞ்சுதான்.

அவரைப் போய் உன் சபையில நாலு படிச்சவங்க முன்னால வாசிக்கச் சொல்லி நான் கேக்கணுமாக்கும். கேக்க மாட்டேன்.

ரோசி


கஞ்சிக்கோடு,
6.12.2025

அக்கா,

உன் கடிதத்தை அடுப்படியில நின்னுக்கிட்டே படிச்சேன். பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியலை. எங்க மாமியார்தான் ஓடி வந்து அடுப்பை அணைச்சாங்க. "ஏனம்மணி, ஊர்ல ஆருக்காச்சும் சீக்கா?"ன்னு கேட்டாங்க. இல்லீங்கத்தைன்னேன்.

அவன் அப்பாகிட்ட சொல்லியிருக்கான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு கேட்காதே.

நடந்ததை நடந்தபடி சொல்றேன். அப்பா முகம் சுவர் அளவுக்குப் பெருசா வந்துச்சு. மூக்குப் பக்கத்து மருகூடத் தெரிஞ்சுது. இவன் நாற்காலி மேல ஏறி, "அது எங்க தாத்தா! எங்க தாத்தா!"ன்னு கத்தினான். ஏற்கனவே எல்லாரும் அப்பாவைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தச் சிரிப்பு அப்படியே திரும்பி எங்க பக்கம் வந்துச்சு. என் பக்கத்துல ஹவ்வா. அவங்க குடும்பத்துக்குப் பாலக்காடு பஜார்ல துணிக்கடை. இங்க எனக்குன்னு இருக்கிற ஒரே சிநேகிதி அவதான். "நெஜமாவா ஜிஸ்மி?"ன்னா. கேலியா கேட்கலை அக்கா. கேலியா கேட்டிருந்தா ரோஷம் வந்து ஆமான்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆசையாத்தான் கேட்டா. நான், "ஐயோ, அதெல்லாம் இல்லப்பா. தாடி வச்சவங்க எல்லாரும் இவனுக்குத் தாத்தாதான்"னு சொல்லிட்டு, கூடச் சேர்ந்து சிரிக்கவும் செஞ்சேன். லிபின் நாற்காலியில இருந்து இறங்கினான். படம் முடியுற வரைக்கும் அந்த இறக்கைக்காரனை அவன் நிமிர்ந்து பார்க்கலை.

ஏன் சொன்னேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். உனக்கு அந்த வாட்ஸப் ஸ்டிக்கர் தெரியுமில்ல? அப்பா கையைத் தூக்கிக்கிட்டு இருக்கிறது. சம்பளம் ஏறினா அதைப் போடறாங்க. கரண்ட் வந்தா போடறாங்க. இவர் கம்பெனி குரூப்ல பிரியாணிப் பொட்டலம் வந்துச்சுன்னு ஒருத்தர் போட்டிருந்தார். நர்சரி அம்மாக்கள் குரூப்ல நாளைக்கு லீவுன்னு டீச்சர் சொன்னதும் பத்துப் பேர் எங்கப்பாவை அனுப்பினாங்க. நான் ஒவ்வொண்ணா அழுத்தி அழிச்சேன். என் ஃபோன்ல அழிச்சா ஊரெல்லாம் அழிஞ்சிடுமா? அத்தை வேற, வீட்டுக்கு யார் வந்தாலும், "என்ற சம்பந்தி சினிமாக்காரராக்கும்"னு ஆரம்பிப்பாங்க. குத்திக் காட்டறாங்கன்னு எனக்கு உடம்பெல்லாம் கூசும். சும்மா இருங்கத்தைன்னு ஒரு நாள் முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். எஸ்டேட்காரி, மலைக்காரின்னு யாரும் இங்க என்னைச் சொன்னதில்லை. சொல்லிடுவாங்களோன்னுதான் எப்பவும்.

ஆனா அந்தப் படத்தை வெறுக்கவும் என்னால முடியலை, அது இன்னொரு வேதனை. அது வந்தப்போ அம்மா தவறிப் போய் வருஷம்கூட ஆகலை. அப்பா பார்க்க வரலைன்னுட்டார், நீயும் வரலை. நான் ஹாஸ்டல்ல இருந்து ஓடி வந்து, லயத்துப் பிள்ளைங்களோட ஜீப்ல தொங்கிக்கிட்டுக் கட்டப்பனைத் தியேட்டருக்குப் போனேன். நம்ம மலை மேல, நம்ம ஏலச்செடிக்கு மேல ஒருத்தன் பறந்தான் அக்கா. அது வரைக்கும் நம்ம ஊரைச் சினிமாவுல பனிமூட்டத்துக்கு மட்டும்தான் காட்டுவாங்க. அப்பா திரையில வந்ததும் ரெண்டு விரலை வாயில வச்சு விசிலடிச்சேன். முன் சீட்டுப் பையன் திரும்பி, "ஆரா அது?"ன்னான். "என்ட அப்பனா!"ன்னு, எங்கப்பாதான் அதுன்னு, தியேட்டர் பூரா கேட்கக் கத்தினேன். அன்னைக்கு மலையாளத்துல அவ்வளவு பெருசா சொன்னவளுக்கு, இன்னைக்குத் தமிழ்ல ஒரு ஆமா வரலை.

மழைக்காலத்துல இடுக்கியில மண் சரிவுன்னு டி.வி.யில எழுத்து ஓடினா, உங்க ரெண்டு பேரையும் நினைச்சு நான் அங்கேயே நின்னுடுவேன். லிபின் வந்து, "பயப்படாதம்மா, சிறகன் பிடிச்சுக்குவான்"னு சொல்வான். ஆமாடான்னு சொன்னா தூங்கிடுவான். நிஜமான சரிவுக்கு யாரும் பறந்து வர்றதில்லைன்னு தெரிஞ்ச மலையில பிறந்தவ நான். ஆனா என் பிள்ளை அந்தப் படத்தாலதான் தூங்கறான். அதை எப்படி வெறுக்கிறது?

நேத்து ஹவ்வாகிட்ட உண்மையைச் சொன்னேன். "தெரியும்"னா. "அவர் கண்ணு அப்படியே உன் முகத்துல இருக்கு. நீ இல்லைன்னே. என்ன கஷ்டமோன்னு நானும் விட்டுட்டேன்." இப்படி ஒருத்தி பெருந்தன்மையா இருந்துட்டா அதைத் தாங்குறதுதான் ரொம்பக் கஷ்டம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அப்பா ஃபோனுக்கு வராதப்போ பயந்தேன்னு எழுதினேன்ல. பயந்தது நிஜம். அதுக்கு உள்ள, ஒரு மூலையில, நிம்மதியாவும் இருந்துச்சு. வரலைன்னா யாரும் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாங்களேன்னு. இதை எழுதினதும் கிழிச்சுப் போடணும்னு வருது. கிழிக்கலை. படிச்சுக்கோ.

அப்பாவை வரச் சொல்லு அக்கா. வாசிக்கணும்னு இல்லை. போதகர்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன். வந்து பிள்ளையைத் தூக்கினா போதும்.

ஜிஸ்மி


சக்குபள்ளம்,
11.12.2025

ஜிஸ்மி,

நீ எழுதுனதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டல. "ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டிருக்கா, நீங்கதான் வேதம் வாசிக்கணுமாம்"னு சொன்னேன். கேட்டா நீ வெக்கப்படுதன்னு நெனச்சிருவாருன்னு, நீ வாசிக்க வேண்டாம்னு எழுதுனதை முழுங்கிட்டேன். உன்கிட்ட படிச்சதுதான்.

"வாசிக்கணுமாமா?"

"ஆமாப்பா."

"அவளே சொன்னாளா?"

"அவளேதான்."

 குடிக்க எடுத்த கட்டஞ்சாயாவை அப்படியே வச்சிட்டு வேலைக்குப் போயிட்டாரு.

நேத்துச் சாயந்தரம் ஏலக்காய் எடுத்துட்டு வந்து பாக்கேன், வாசல்ல யாரோ ஒரு ஆளு நிக்குதாரு. யாருய்யா அதுன்னு கேட்டுட்டேன் ஜிஸ்மி. எங்கப்பனைப் பாத்து. தாடியைச் சுத்தமா வழிச்சிட்டு வந்திருக்காரு. நாம பிறக்கும் முன்னாலயே இருந்த தாடி. தாடையெல்லாம் வெள்ளையா, தோல் உரிச்ச கிழங்கு கணக்கா இருக்கு. நெத்தியும் கன்னமும் ஒரு ஆளு, தாடை வேற ஆளு.

"என்னப்பா இது?"

"கிடக்கட்டும் மூத்தவளே. ஜிஸ்மி சபையில எல்லாரும் படிச்சவங்களா இருப்பாவ. படம் பாத்தவங்களா இருப்பாவ. அவளுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

அப்புறம் நம்ம வீட்டுச் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பாத்துட்டு என்கிட்ட காட்டிக் கேக்குதாரு, "இப்பத் தெரியுதா?"ன்னு. என்னதுப்பான்னேன். "அந்த ஆளுன்னு தெரியுதா?"

நான் உள்ள போயிட்டேன். இதை உன்னைக் குத்துறதுக்கு எழுதல. எனக்கு யாருகிட்டயாவது சொல்லணும். உன்னை விட்டா யாருட்டி இருக்கா?

உனக்கு நான் வசனம் பேசினேன்ல, மறுதலிச்சன்னு. நானும் ஒண்ணும் பெரிய ஆளு இல்ல. போன ஓணத்துக்குப் போனஸ் வந்தப்ப, காய் எடுக்குற பொம்பளைங்க குரூப்ல ஜோமோள் அந்த ஸ்டிக்கரைப் போட்டா. அப்புறம் எல்லாவளும் போட்டாளுவ. நான் திட்டல. துண்டால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அப்பா ரெண்டு செடி தள்ளி நின்னாரு.

அவரு அந்தப் படத்தை இன்னும் பாக்கலன்னு உனக்குத் தெரியும்ல? யாரு காட்டப் போனாலும் கையைத் தட்டி விட்டுருவாரு. எனக்கும் ஒரு விசயம் இன்னும் புரியல. அம்மா தேனி ஆஸ்பத்திரியில கிடந்து, நான் துணைக்கு இருந்த வாரம்தான் இங்க படம் பிடிச்சாங்க. கூட்டத்துக்கு ஆள் வேணும்னு தோட்டத்துல எல்லாரையும் நிக்கச் சொல்லியிருக்காங்க. வேத வசனத்தைத் தவிர சத்தமாப் பேசாத மனுசன், அத்தனை பேரு முன்னால எப்படி அந்தக் கத்துக் கத்துனாரு? ஒரு தடவை கேட்டேன். "சொன்னாங்க, செஞ்சேன்"னுட்டாரு.

18-ந்தேதி வியாழக்கிழமை குமுளி போயி கம்பம் வழியா வாராரு. வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரரை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பு. ஆளு அடையாளம் தெரியாமப் போயிரப் போகுது, நீலச் சட்டை போட்டிருப்பாருன்னு சொல்லு.

ரோசி


கஞ்சிக்கோடு,
22.12.2025

அக்கா,

அப்பா இன்னைக்குக் காலையில பஸ் ஏறிட்டார். இந்தக் கடிதம் அவருக்குப் பின்னாலதான் வரும். அவர் எதுவும் சொல்ல மாட்டார், அதனால நான் சொல்றேன்.

வெள்ளிக்கிழமை வினோ பைக்ல கூட்டிட்டு வந்தார். பைக் சத்தம் கேட்டதும் லிபின் "தாத்தா"ன்னு வாசலுக்கு ஓடினான். ஓடினவன் பாதியில நின்னுட்டான். என் நைட்டியைப் பிடிச்சுக்கிட்டான்.

"நான்தான்யா"ன்னார் அப்பா.

"இல்லை. இது வேற ஆளு."

அப்பா கை தாடியைத் தேடிப் போச்சு அக்கா. அங்க ஒண்ணும் இல்லை. கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம சட்டைப் பட்டனைத் தடவிக்கிட்டு நின்னார். அத்தைதான், "உள்ள வாங்க சம்பந்தி, பையன் கெடக்கறான், நாளைக்கு உங்க மடிய விட்டு எறங்க மாட்டான் பாருங்க"ன்னு பையை வாங்கினாங்க. நான் காபி போடப் போயிட்டேன். ஒளியறதுக்கு எனக்கு அப்படி ஒரு இடம் வேணும்.

அடுத்த நாள் பூரா லிபின் கிட்டப் போகலை. சாயங்காலம் என் ஃபோனை எடுத்துட்டுப் போய் அப்பா மடியில வச்சுட்டு, தள்ளி நின்னு சொன்னான், "பாரு, எங்க தாத்தாவுக்குத் தாடி இருக்கு." அந்த இடத்தைத் தானே தேடி எடுக்க அவனுக்குத் தெரியும். அப்பா தட்டி விடுவார்னு நினைச்சேன். பேரன் வச்சது, தட்டலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். நான் தொட்டில் பக்கத்துல நின்னேன்.

முழங்கால்ல விழறார். கத்தறார். அவன் பறந்து வந்து இறங்கறான். அப்பா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போனார்.

"இவன் எப்ப வந்தான்?"

எனக்கு முதல்ல புரியலை. "யாருப்பா?"

"இந்த றெக்கைக்காரன். அன்னைக்கு அங்க ஆரும் இல்லியே யம்மா. மூங்கில் கழியில ஒரு பச்சைத் துணியைக் கட்டித் தூக்கிப் பிடிச்சிருந்தானுவ. அதைப் பாத்து வாயில வந்ததைக் கூப்பிடுங்கன்னாரு டைரக்டரு. நான் துணியைப் பாக்கல. அதுக்கு மேல பாத்தேன்." ஃபோனை மடியில வச்சார். "அன்னைக்கு வெள்ளன தான் மூத்தவ தேனியில இருந்து ஃபோன் பண்ணுனா. டாக்டர் கையை விரிச்சிட்டாருன்னு."

நீ பண்ணின ஃபோன் அக்கா. நீ சொன்ன செய்தி.

அந்த வார்த்தையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கலை. யாரையும் பார்த்து அவர் சொல்லவும் இல்லை. எந்த மகராசனோ ஒரு கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து அந்த வானத்துல ஒரு முகமூடிக்காரனை ஒட்டி வச்சிருக்கான். நம்ம அப்பா ஜெபத்தைப் பார்த்துத்தான் கேரளா பூரா சிரிச்சுது. பெரியவங்க முகம் சுளிச்சாங்க. நான் விசிலடிச்சேன். ஏன்ப்பா சொல்லலைன்னு கேட்டேன். "ஜெபம் பண்ணுனதைச் சொல்லிக்கிட்டுத் திரிவாங்களாட்டி?"ன்னார்.

லிபின் மெதுவா கிட்ட வந்து அவர் தோள்ல சாய்ஞ்சு ஃபோனைக் காட்டினான். "அவன்தான் சிறகன். நீ கூப்பிட்டதும் உடனே வந்துட்டான் பார்த்தியா?"

"அப்படியா?" அப்பா அவன் தலையில கை வச்சார். "நான் கூப்பிட்டப்ப ஒருத்தனும் வரலய்யா."

கோபமா சொல்லலை. வெயில் அடிக்குதுன்னு சொல்ற மாதிரி சொன்னார். இவன் அவர் வாயையும் ஃபோனையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "சத்தம் மட்டும் எங்க தாத்தா சத்தம்தான்"னு மடியில ஏறி உட்கார்ந்துட்டான்.

அக்கா, இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நேத்து நான் சபைக்குப் போனேன். அதை மனசுல வச்சுக்கிட்டு இனி வர்றதைப் படி.

வாசிக்க வேண்டாம்ப்பான்னு சொன்னேன். நீ கேட்டியாமேன்னார். அக்கா, அது நீ செஞ்ச வேலை. போதகர் அப்பா பேரைச் சொன்னதும் எழுந்து போனார். நீலச் சட்டை, புதுத் தாடை, ஒருத்தருக்கும் தெரியலை. ரெண்டு வசனம் நல்லாப் போச்சு. மூணாவதுல அந்த வார்த்தை வந்துச்சு. தாடியை வழிச்சா போதும்னு நினைச்சோம் அக்கா. குரலை என்ன செய்யறது? வாலிபப் பசங்க வரிசையில ஒருத்தன் திரும்பி இன்னொருத்தனைப் பார்த்தான். "டேய், அந்தப் படத்துல..." மூக்கால ஒரு சிரிப்பு. நீ எழுதினியே, அதே சிரிப்பு. அது பெஞ்சு பெஞ்சா பரவறது எனக்குத் தெரிஞ்சுது.

அப்பா நிறுத்திட்டார். கை கண்ணாடிக்குப் போச்சு. கழத்தினா இறங்கிடுவார்னு எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தார்.

நான் பாப்பாவோட தொப்பிக் கயிறைக் கட்டிக்கிட்டு இருந்தேன். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்துச்சு.

எனக்குப் பக்கத்துல இருந்து அத்தை எழுந்தாங்க. ஆராதனை நடுவுல, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, அந்த வரிசையைப் பார்த்துத் திரும்பி, "ஆமாங்க தம்பி, அவரேதானுங்க. என்ற சம்பந்தி. படிச்சு முடிக்கட்டும், அப்பறம் வேணுங்கற மட்டும் சிரிச்சுக்கலாமுங்க"ன்னாங்க. சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க. யாரோ ஒரு பொம்பளை ஆமென்னு சொன்னாங்க. அந்தப் பையன் காதெல்லாம் சிவந்து போச்சு. போதகர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார், சிரிச்சாரா தெரியலை.

அப்பா கண்ணாடியைக் கழத்தலை. அந்த வசனத்தை முதல்ல இருந்து மறுபடி வாசிச்சார். அந்த வார்த்தையையும்.

இவ்வளவு நாள் அத்தை என்னைக் குத்திக் காட்டறதா நினைச்சேனே, அவங்க பெருமையாத்தான் சொல்லியிருக்காங்க. அந்த "ஆமாங்க" என் வாயில இருந்து வந்திருக்க வேண்டியது. நர்சரியில ஒரு தடவை, இங்க ஒரு தடவை. அங்கயாவது தெரியாம செஞ்சேன்னு சொல்லிக்கலாம்.

பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா அப்பா சொன்னது ஒண்ணுதான். "உன் மாமியா நல்ல மனுசி." அவ்வளவுதான். பஸ் கிளம்பிடுச்சு.

28-ஆம் தேதி ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் அங்க வர்றோம். பவுல்ராஜ் உபதேசியார்கிட்ட சொல்லி, அப்பாவை வாசிக்கச் சொல்லு. மாட்டேன்னு சொன்னா லிபினை விட்டுக் கேட்கச் சொல்றேன். நான் பின் பெஞ்சுல, அந்தப் பசங்களுக்கு நடுவுல உட்கார்றேன். அவங்க சிரிச்சா என்ன செய்வேன்னு இப்ப எழுத மாட்டேன். கடிதத்துல எனக்கு எப்பவும் தைரியம் உண்டு.

ஜிஸ்மி